ஒயின் பள்ளத்தாக்கு விற்பனைக்கு

ஓசூரைச் சுற்றி இப்போது புதுப் பயிர் ஒன்று அமோகமாக விளைகிறது. அதன் பெயர் ‘வைன்யார்ட் ப்ளாட்’. தளி ரோட்டில் ஒரு பலகை, தேன்கனிக்கோட்டை போகிற வழியில் இரண்டு, பேரிகைப் பக்கம் ஒன்று. படத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, கையில் கண்ணாடிக் கோப்பை, பின்னால் வரிசை வரிசையாகக் கொடிகள். நம் ஊரில் எடுத்த படம் இல்லை என்பது பின்னால் தெரியும் மலையைப் பார்த்தாலே விளங்கும். கீழே எழுதியிருப்பது: பிரான்ஸ் நாட்டுத் தட்பவெப்பம், திராட்சைக்கென்றே அமைந்த மண், பெங்களூரிலிருந்து ஒரு மணி நேரம். கால் ஏக்கர் வாங்கினால் போதுமாம். கொடியை அவர்களே நடுவார்கள், அவர்களே தண்ணீர் விடுவார்கள், மகசூலில் நமக்குப் பங்கு வரும். வருடத்துக்கு ஒரு தடவை நம் பெயர் ஒட்டிய பாட்டிலில் ‘உங்கள் தோட்டத்து ஒயின்’ வீடு தேடி வரும்.

எந்த ஒரு கம்பெனியையும் குறி வைத்து இதை எழுதவில்லை. எல்லா விளம்பரமும் ஒரே அச்சில் வார்த்ததுதான். என்னோடு ரிட்டையர் ஆனவர்களில் இரண்டு பேர் முன்பணம் கட்டிவிட்டார்கள். மூன்றாமவர் கிராஜுவிட்டி பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “நீங்க திராட்சைக்கே லோன் கொடுத்தவராச்சே, சொல்லுங்க சார்” என்றார். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கோபமாக இருக்கிறேன் என்று தோன்றினால், ஆமாம், கோபம்தான்.

நான் வங்கியில் விவசாயக் கடன் பிரிவில் கள அலுவலராக இருந்தவன். இந்தத் தாலுகாவில் மட்டும் பல வருடம். பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கம் திராட்சைப் பந்தல்களுக்கு அடியில் குனிந்து நடந்து நடந்தே முதுகு வலி வந்தது என்று வீட்டில் கேலி செய்வார்கள். பெரிய பரப்பு என்று சொல்லமாட்டேன். தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கோடு நம்மை ஒப்பிட முடியாது. அது திராட்சையிலேயே மூழ்கிய ஊர். இங்கே ஒருவரிடம் ஒரு ஏக்கர், இன்னொருவரிடம் இரண்டு, எப்போதாவது ஐந்து. ஆனால் அவை நிஜமான தோட்டங்கள். வாங்கிய கடனும் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பி வந்தது.

முதலில் அந்த ‘பிரான்ஸ் தட்பவெப்பம்’.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் சால்வை இல்லாமல் வெளியே நிற்க முடியாது. ஏப்ரலில்கூட வேலூர், சேலம் அளவுக்கு வேகாது. அதனால்தான் வெள்ளைக்காரன் இதை ‘குட்டி இங்கிலாந்து’ என்றான், 1824இலேயே இங்கே பண்ணை வைத்தான். எல்லாம் சரி. ஆனால் திராட்சைக் கொடிக்குப் பிரான்சில் நடப்பது வேறு, இங்கே நடப்பது வேறு. அங்கே குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துவிட்டுத் தூங்கும். ஏப்ரல் வாக்கில் துளிர்க்கும், செப்டம்பரில் அறுவடை. நம் கொடிக்குத் தூக்கமே கிடையாது. வருடம் முழுக்கப் பச்சை. அதைத் தூங்கி எழுந்ததுபோல ஏமாற்றுவதற்குத்தான் நாம் கவாத்து செய்கிறோம். வேனிலில் ஒரு கவாத்து, மழை முடிகிற சமயத்தில் இன்னொரு கவாத்து. பழக் கவாத்தைச் செப்டம்பர், அக்டோபரில் முடித்தால், பனிக்காலம் முழுக்கக் காய் வளர்ந்து, பிப்ரவரி மார்ச்சில் வெயில் ஏறும்போது பழம் இறங்கும். அவர்களுக்குக் குளிர்காலம் ஓய்வு. நமக்கு அதுதான் வேலைக் காலம்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பலகையில் அது இருக்காது. நமக்கு அதிக மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில்தான். கவாத்து செய்து, இளந்துளிர் வந்து, பூங்கொத்து தலை நீட்டும் நேரத்தில் நாலு நாள் விடாமல் தூறினால் போதும், அடிச்சாம்பல் நோய் வந்து இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் படரும். ஒரே வாரத்தில் பூ கருகிவிடும். தப்பிப் பிழைத்தால் ஏப்ரல், மே கோடை மழையில் ஆலங்கட்டி. அந்தக் கல் விழுந்த தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டு, வீட்டுக்காரர் கொடுத்த காபியைக் குடிக்க முடியாமல் திரும்பிய நாட்கள் எனக்கு உண்டு.

பிரான்சிலிருந்து நமக்கு நிஜமாகவே வந்தது ஒன்றுதான்: போர்டோ கலவை. அதன் கதை நம் வாசகர்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். போர்டோ பகுதியில் ரோட்டோரத் தோட்டக்காரர்கள், போகிறவர் வருகிறவர் பழம் பறிக்காமல் இருக்கக் கொடிமேல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். பார்க்க விஷம்போல நீலமாக இருக்கும், யாரும் தொடமாட்டார்கள். மில்லார்டே என்ற பேராசிரியர் அந்த வழியே போகும்போது, தெளித்த கொடியில் மட்டும் அடிச்சாம்பல் இல்லை என்பதைக் கவனித்தார். 1885இல் அதை மருந்தாக வெளியிட்டார். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். பள்ளிக்கூடம் போகாத நம் பாகலூர்க்காரருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும். கலவை பதமாக வந்ததா என்று பளபளக்கும் கத்தியை முக்கிப் பார்ப்பார். செம்பு நிறம் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மழைக்காலத்தில் விட்டு விட்டுத் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சனி ஞாயிறு காரில் வந்து பார்த்துப் போகும் தோட்டம் இல்லை இது.

மண்ணைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கருங்கல் பாறை உதிர்ந்து வந்த செம்மண், அடியில் சரளை. தண்ணீர் நிற்காது, வேர் அழுகாது. திராட்சைக்கு நல்ல மண்தான், மறுக்கவில்லை. ஆனால் ‘திராட்சைக்கென்றே அமைந்த மண்’ என்றால், ராகிக்கும் அவரைக்கும் துவரைக்கும் ரோஜாவுக்கும் மாவுக்கும் கூட அதேபோல அமைந்த மண்தான் அது. ஆனேக்கல்லில் இருப்பதும் அதுதான், சர்ஜாபுரத்தில் இருப்பதும் அதுதான், நந்தி மலை அடிவாரத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதுதான். அத்திப்பள்ளி செக்போஸ்டில் நின்றுவிடும் மண் இல்லை.

நந்தி மலை என்றதும் விளம்பரக்காரர்களுக்கு முகம் மலரும். “அங்கே முடிகிறது, இங்கே ஏன் முடியாது?” என்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே எப்படி முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் அல்லவா? கன்வல் குரோவர் என்பவர் தொட்டபள்ளாபுரம் பக்கம் 1988இல் தோட்டக் கம்பெனியைத் தொடங்கினார். அதற்கு முன்பே பல வருடங்கள், ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் என்ற நிபுணரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நாட்டின் பல இடங்களையும் ரகங்களையும் சோதித்துப் பார்த்தார். முதல் ஒயின் கடைக்கு வந்தது 1992 வாக்கில். பின்னால் மிஷேல் ரோலான் என்ற உலகப் பெயர் பெற்ற ஆலோசகரும் வந்து சேர்ந்தார். கர்நாடக அரசு 2007இல் திராட்சை பதப்படுத்தலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கையே வகுத்தது, வாரியம் அமைத்தது. நந்திப் பள்ளத்தாக்கு, கிருஷ்ணா பள்ளத்தாக்கு என்று பெயர்கள் அப்படித்தான் நிலைத்தன. மகாராஷ்டிரம் 2001இலேயே கொள்கை கொண்டுவந்து நாசிக்கை வளர்த்தது. இத்தனை பேர், இத்தனை வருடம், இத்தனை பணம். இங்கே ஒரு ஜேசிபி, ஒரு பலகை, ஆறு மாதம். இரண்டுக்கும் ஒரே பெயரா?

அந்த நாசிக்கிலேயே என்ன நடந்தது என்பதும் தெரிய வேண்டும். ஒயின் விற்பனை கூடிக்கொண்டே போகும் என்று நம்பி ஊரெல்லாம் ஒயின் ரகத் திராட்சை நட்டார்கள். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு விற்பனை படுத்தது. தொட்டிகளில் ஒயின் தேங்கியது. ஆலைகள் பழம் எடுக்கவில்லை, எடுத்ததற்குப் பணம் தரவில்லை. ஒயின் ரகத்தைச் சந்தையில் சாப்பிடுகிற பழமாகவும் விற்க முடியாது. சின்ன மணி, தடித்த தோல், உள்ளே விதை. விவசாயிகள் கொடியை வெட்டிப் போட்டார்கள். பரம்பரைத் திராட்சைக்காரர்களுக்கே அந்தக் கதி.

இப்போது எந்தத் திராட்சை என்று கேட்போம். நம் பக்கம் காலங்காலமாக வந்தது பெங்களூர் ப்ளூ. கருநீலம், சாம்பல் பூத்தாற்போல் மேல்தோல், வாயில் போட்டால் தோல் தனியே வழுக்கி வரும், ஒரு தனி வாசனை. அது ஐரோப்பியத் திராட்சை இனமே இல்லை. அமெரிக்க இனமான லாப்ரஸ்கா வழி. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது, கர்நாடகத்துப் பெயரில். முரட்டுக் கொடி, கருங்கரும்புள்ளி நோய்க்கு அசையாது, வருடத்துக்கு இரண்டு காய்ப்பு கொடுக்கும். இதன் பழத்தில் சர்க்கரை 16இலிருந்து 18 சதவீதம் வரை ஏறும். நல்ல ஒயினுக்கு 22, 24 வேண்டும். சர்க்கரையில் பாதிக்குச் சற்று மேல் சாராயமாக மாறும் என்பது கணக்கு. ஆக இதிலிருந்து ஒன்பது, பத்து சதவீதம் தேறும், மேலே வேண்டுமானால் சர்க்கரையோ சாராயமோ கலக்க வேண்டும். போர்ட் வகைத் தித்திப்பு ஒயினுக்கு அது நடக்கும். விளம்பரப் படத்தில் இருக்கிற கோப்பைக்கு நடக்காது. அதற்கு ஷிராஸ், கேபர்நே, செனின் பிளாங்க் வேண்டும். அவற்றை இங்கே நட, டாக்ரிட்ஜ் போன்ற அடிவேர்ச் செடியில் ஒட்டுக்கட்டி, கம்பி வரிசையில் ஏற்றி, நோய்க்கு இரவும் பகலும் காவல் இருக்கவேண்டும். ‘என்ன ரகம் நடுகிறீர்கள்?’ என்று விளம்பர எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன். “பிரீமியம் ரகம் சார்” என்றார் அந்தப் பையன். பாவம், அவனுக்கு யார் சொல்லித்தந்திருக்கப் போகிறார்கள்.

நண்பருக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒயின் ரகத்தில் தரம் வேண்டுமானால் ஏக்கருக்கு நாலு டன்னுக்கு மேல் ஆசைப்படக் கூடாது. கால் ஏக்கருக்கு ஒரு டன். எல்லாம் நன்றாக நடந்து, கிலோ ஐம்பது ரூபாய்க்குப் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஐம்பதாயிரம். அதில் ஆள் கூலி, மருந்து, சொட்டுநீர், மின்சாரம், கம்பெனியின் பராமரிப்புக் கட்டணம், அவர்கள் பங்கு. முதல் மகசூலுக்கே இரண்டு மூன்று வருடம் காத்திருக்கணும். இருபது லட்சம் கொடுத்து வாங்கியவருக்குக் கையில் மிஞ்சுவது, அதே பணத்தை அஞ்சலகத்தில் போட்டால் வருவதில் காலே அரைக்கால்கூட இருக்காது. நிலம் விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும். அப்படியானால் அது நில வியாபாரம். அதற்கு எதற்குத் திராட்சை வேஷம்? பத்திரத்தில் அது விவசாய நிலம். வீட்டுமனை அங்கீகாரம் கிடையாது என்பதையும் சிறிய எழுத்தில்கூடப் போடுவதில்லை.

சரி, அந்த ‘உங்கள் தோட்டத்து ஒயின்’? நம் மாநிலத்தில் உரிமம் இல்லாமல் திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்தால் அதன் பெயர் குற்றம். 1937ஆம் வருடத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்தை முதன்முதலாக அமல்படுத்திய இடம் எது? சேலம் மாவட்டம், 1937 அக்டோபர் 1. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. கொண்டுவந்தவர் ராஜாஜி, பிறந்தது இதோ நம் பக்கத்துத் தொரப்பள்ளியில். அவர் பிறந்த ஊருக்குக் கூப்பிடு தூரத்தில் நின்றுகொண்டு ‘சொந்த ஒயின்’ விற்கிற தைரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

நான் குடிப்பவன் இல்லை. குடியை ஆதரித்தும் எழுதவில்லை. ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் எல்லோரும் அதை ‘ஒயின் ஷாப்’ என்றுதான் சொல்கிறோம். உள்ளே ஒயின் கேட்பவனை மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே ஓடுவது பிராந்தி. பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது என்றுதான் உலகம் முழுக்க அர்த்தம். இங்கே விற்பதோ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் எடுத்த சாராயம். திராட்சைக்கு அதில் பங்கு சொற்பம். 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. விற்காமல் இருந்தால் காலில் விழுந்து கும்பிடுவேன். விற்பது என்று முடிவான பின், அந்தப் பாட்டில் பெயரளவிலாவது நம் விவசாயியின் திராட்சையிலிருந்து வரட்டுமே என்று கேட்க எந்தக் கட்சிக்கும் வாய் வரவில்லை. குடிமகன் பணம் மட்டும் இனிக்கிறது, கொடி வளர்ப்பவன் கசக்கிறான்.

இங்கே இருந்த தோட்டங்கள் ஏன் போயின என்று கேட்டால், “க்ளைமேட் மாறிப்போச்சு சார்” என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. முழுப் பொய் இல்லை, ஆனால் சௌகரியமான பாதி. நேரில் பார்த்தவன் சொல்கிறேன். பேரிகைப் பக்கம் இரண்டு ஏக்கர் பந்தல் வைத்திருந்த ஒரு குடும்பம். பெரியவர் போன பிறகு மகனிடம், “ஏம்ப்பா கொடியை எடுத்தே?” என்றேன். “கொடி நல்லாத்தான் சார் இருந்துச்சு. போர்தான் ஆயிரத்து இருநூறு அடி போயும் தூசி வந்துச்சு. கவாத்துக்கு ஆள் கூப்பிட்டா, சிப்காட்ல செக்யூரிட்டி வேலைக்குப் போறேங்கறான். இந்தப் பக்கம் ரோடு போடறாங்கன்னு ஏக்கருக்கு ஒரு விலை சொன்னாங்க. நீங்களே சொல்லுங்க” என்றான். என்ன சொல்ல? எழுபதுகளில் சிப்காட் வந்தது, அப்புறம் லேலண்டு, டிவிஎஸ், டைட்டன். அதனால் பிழைத்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கு, என் வீடும் சேர்த்து; மகன் சம்பளம் அங்கேதான். தொழிற்சாலையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் பந்தலைப் பிரித்துப் போட்ட கல்கம்பங்கள் இன்று எங்கே நிற்கின்றன தெரியுமா? லேஅவுட்டுகளுக்கு வேலிக்கல்லாக. சிலது அந்த ‘வைன்யார்ட்’ பலகைகளையே தாங்கி நிற்கின்றன.

தண்ணீர்க் கதை இன்னும் கேவலம். தென்பெண்ணை எங்கே பிறக்கிறது? அந்த நந்தி மலைப் பகுதியில்தான். ஒயின் பள்ளத்தாக்கும் நம் ஆறும் ஒரே மலைக்குப் பிள்ளைகள். நம்மை வந்து சேருவதற்குள் பெங்களூரின் சாக்கடையும் ரசாயனமும் கலந்து, கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால் மலை மலையாக நுரை. காற்றடித்தால் ரோட்டில் பஞ்சுபோலப் பறக்கிறது, பிள்ளைகள் செல்பி எடுக்கிறார்கள். அதே பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு 2018 முதல் குழாயில் அனுப்புகிறார்கள்; சிக்கபள்ளாபுரம் ஏரிகளுக்கும் தனித் திட்டம். அது போதிய அளவு சுத்தமா என்று அங்கேயும் சண்டை நடக்கிறது, அது வேறு. நமக்கு அந்தச் சண்டை போடவும் வழியில்லை, வருவது வருகிறது. கிளையாறான மார்க்கண்டேய நதியில் அவர்கள் கட்டிய அணையை எதிர்த்து நம் அரசு கோர்ட்டுக்குப் போனதும், 2019இல் உச்ச நீதிமன்றம் நம் மனுவைத் தள்ளியதும் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தத் தண்ணீர் நிலவரத்தில், நூறு கால் ஏக்கர் மனைக்கும் தனித்தனியே சொட்டுநீர் என்கிறார்கள். எந்தப் போரிலிருந்து? பக்கத்து ராகிக்காரனின் போர் வற்றினால் அவன் யாரிடம் போவான்?

‘குறை மட்டும் சொல்கிறாயே’ என்பவர்களுக்கு: செய்யக்கூடியது இருக்கிறது. ரோஜாவுக்காக அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா வந்தது, அரசு நிறுவனம் டிட்கோ கூட்டுச் சேர்ந்தது. தளியில் இஸ்ரேல் ஒத்துழைப்போடு மலர் மகத்துவ மையம் வந்தது. ரோஜாவுக்கு முடிந்தது திராட்சைக்கு ஏன் முடியாது? பெங்களூர் ஹெசரகட்டா நிலையம் நம் தட்பவெப்பத்தில் வைத்தே உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. பெங்களூர் ப்ளூவைத் தாயாக வைத்தே அர்க்கா ஷியாம், அர்க்கா த்ரிஷ்ணா. பையூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஐந்து ஏக்கர் ஒதுக்கி, ஐந்து வருடம் நட்டுப் பார்க்கட்டும். இன்னொன்று, இது பல காலமாக நான் சொல்லிவருவது: கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலைகள் தோத்தாபுரி சீசனில் இரண்டு மூன்று மாதம் ஓடிவிட்டு மீதி நாள் பூட்டிக் கிடக்கின்றன. திராட்சை இறங்குவது பிப்ரவரி மார்ச்சில், மாங்காய் வருவதற்கு முன். பிழியும் இயந்திரம் மட்டும் சேர்த்தால் அதே கொதிகலன், அதே நிரப்பும் வரிசை, அதே ஆட்கள். பெங்களூர் ப்ளூ சாற்றுக்கு இணையான சாறு கிடையாது. போதையும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். நான் வேலை பார்த்த வங்கியில் இதை எழுதிக் கொடுத்தேன். கோப்பு ‘பரிசீலனையில்’ இருக்கும்போதே நான் ரிட்டையர் ஆகிவிட்டேன்.

கேட்ட நண்பர் பணத்தைக் கட்டவில்லை. முன்பணம் கட்டிய இருவரும் ரசீதில் ‘திரும்பத் தரப்படாது’ என்று இருப்பதைக் காட்டுகிறார்கள். ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகிறார், காகிதம் எழுத நான் உதவுகிறேன். கூழ் ஆலை, பையூர் சோதனைத் தோட்டம் இரண்டையும் சேர்த்து ஒரு மனு தயாராகிறது. கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். பழைய திராட்சைக்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று தெரியவேண்டும். எந்த ஊர், எத்தனை ஏக்கர் வைத்திருந்தீர்கள், எந்த வருடம் எடுத்தீர்கள் என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். கொடி இன்னும் இருக்கிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.